பேனா கேட்டவர்

1972 நவம்பர் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை. காலை பத்தரைக்கும் மாலை நாலேகாலுக்கும் இடையில் வாலாம்பாள் அறுபத்து மூன்று பேரின் பெருவிரலை மையில் தோய்த்து அறுபத்து மூன்று மனுக்களில் பதித்தார். நாலரைக்குக் கும்பகோணம் பஸ். அதையும் பிடித்துவிட்டார். ஒன்றியத்தில் இருந்த ஆறு கிராம சேவிகாக்களில் ஒரே நாளில் அறுபதைத் தாண்டியவர் அவர் ஒருவர்தான். அடுத்த வாரக் கூட்டத்தில் ஆணையர் அதை எடுத்துச் சொல்ல, மற்ற ஐந்து பேரும் கைதட்டினார்கள்.

அந்த அறுபத்து மூன்றில் நாற்பத்தோராவது விரல் வேம்புவினுடையது.

வாலாம்பாளுக்கு அப்போது முப்பத்தாறு வயது. கணவர் சந்தானகிருஷ்ணன் கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். கிராமம் கிராமமாகப் போய் பெண்களுக்குச் சுகாதாரம், பிள்ளை வளர்ப்பு, சமையல், தையல் என்று சொல்லிக்கொடுக்கிற வேலை வாலாம்பாளுடையது. வேலையில் அவர் சோடை போனவர் இல்லை. முதல் நாலு வருடம் தரங்கம்பாடியில் இருந்தார். மீனவப் பெண்களை எந்த நேரத்தில் போய்ப் பார்ப்பது என்று தெரியாமல் முதல் வாரம் விழித்தார். மீன் ஏலம் முடிந்து கூடையைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் பேச்சுக்குக் காது கொடுப்பார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு அந்த நேரத்துக்கே போனார். கிறிஸ்துவ வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை கால் வைப்பதில்லை. தெரியாததைக் கேட்டார். கேட்டதைக் குறித்து வைத்துக்கொண்டார். பயிற்சி நோட்டின் முதல் பக்கத்தில் அவரே எழுதிய ஒரு வரி இருந்தது: "வாசலில் நின்று கேட்டபின் உள்ளே போ."

பிறகு சொந்தப் பக்கத்துக்கே மாற்றல் கிடைத்தது. திருப்பனந்தாளிலிருந்து ஆறு மைல் தள்ளி மேலக்கட்டளை. அவர் அப்பாவின் ஊர் அடுத்த ஊர். நாலு வேலி நிலம் இருந்து, பாகம் பிரித்து, விற்று, கடைசியில் ஒரு மாந்தோப்பு மட்டும் மிச்சமான குடும்பம். மேலக்கட்டளைத் தெற்குத் தெரு ஜனங்களில் பாதிப் பேர் ஒரு காலத்தில் அந்த நிலத்தில் நாற்றுப் பறித்தவர்கள். ஆகவே இங்கே யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை என்று வாலாம்பாள் நினைத்தார். இந்த ஜனங்களை எனக்குத் தெரியாதா?

அந்த வருடம் கிராம சேவிகாக்களுக்குப் புதிதாக ஒரு வேலை சேர்ந்தது. விவசாயத் தொழிலாளர்கள் குடியிருக்கும் மனை, அது யார் நிலத்தில் இருந்தாலும், இனி குடியிருப்பவருக்கே சொந்தம் என்று அரசு சட்டம் கொண்டுவந்திருந்தது. அதற்கு முன்பு மிராசுதார் ஒரு வார்த்தை சொன்னால் கூரையைப் பிரித்துக்கொண்டு போக வேண்டியதுதான். சட்டம் வந்தாலும் மனு கொடுத்தால்தானே பட்டா? வருவாய்த் துறையில் ஆள் போதவில்லை. மனு எழுத சேவிகாக்களையும் அனுப்பினார்கள்.

அந்த வியாழக்கிழமை காலையிலிருந்து தூறல். தெற்குத் தெருக் காளி கோயில் தாழ்வாரத்தில் பள்ளிக்கூடத்து நாற்காலியும் பெஞ்சும் போட்டிருந்தார்கள். ஒவ்வொருவராக வந்து பெயர், புருஷன் பெயர், நிலத்துக்காரர் பெயர் சொன்னார்கள். வாலாம்பாள் குனிந்தபடியே எழுதினார். எழுதி முடித்ததும், "கையைக் குடு." விரலை அவரே பிடித்து, மைப்பெட்டியில் அழுத்தி, தாளில் உருட்டி, விட்டுவிடுவார். எழுந்தவர்கள் மையைத் தலைமுடியிலும் கோயில் சுவரிலும் துடைத்தார்கள். மூன்று மணிக்குச் சுவரில் இடுப்புயரத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை விழுந்திருந்தது. வாலாம்பாள் அதைப் பார்த்தார். விரல்களைப் பார்த்தார். தலையை நிமிர்த்தி யாரையும் பார்த்ததாக அவருக்கு நினைவில்லை.

வேம்புவின் மனைதான் அந்தத் தெருவிலேயே சிக்கலானது. அவர் புருஷன் மருதையன் இரண்டு வருடத்துக்கு முன் பாம்பு கடித்து இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. தெருவின் கோடியில், வாய்க்காலை ஒட்டி இருந்தது குடிசை. நிலத்துக்காரர் பெயர் கல்யாணம். வாலாம்பாளின் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, வாலாம்பாளுக்குச் சித்தப்பா முறை. டிராக்டர் வாங்கியிருந்தார். அது ரோட்டிலிருந்து வயலுக்கு இறங்க நேர்வழி வேம்புவின் குடிசைதான். மருதையன் செத்ததும் அவள் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள், அங்கே குடியிருக்கவே இல்லை என்று அவர் ஆட்சேபம் கொடுத்தார். மற்ற அறுபத்திரண்டு மனுக்கள் மெல்ல நகர்ந்துகொண்டிருக்க, வேம்புவினுடையது மட்டும் விசாரணைக்கு வந்தது.

ஜனவரி நாலாம் தேதி, தாலுகா கச்சேரி. மனுவில் ரேகை எடுத்தவர் என்ற முறையில் வாலாம்பாளையும் வரச் சொல்லியிருந்தார்கள். ஒரு நிமிஷ வேலை என்று நினைத்துக்கொண்டு போனார்.

கல்யாணத்தின் வக்கீல் ஒரு பழைய தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். 1969இல் கூலித் தகராறில் தெற்குத் தெருப் பெண்கள் தாசில்தாருக்குக் கொடுத்த மனு. அதன் அடியில் ஐந்தாவதாக, கொஞ்சம் கோணலாக, ஆனால் தெளிவாக 'ம. வேம்பு' என்று கையெழுத்து. கையெழுத்துப் போடத் தெரிந்தவள் எதற்காக விரல் வைக்கிறாள்? வேம்பு ஊரில் இல்லை, வேறு யாரோ வந்து அவள் பெயரில் விரலை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், மனுவே மோசடி என்றார் வக்கீல். ரேகையை ஒத்துப் பார்க்கலாம் என்றால் அது ரேகையாக இல்லை. அவசரத்தில் இழுத்த இழுப்பில் மை தீற்றி, கரிப் பொட்டாகக் கிடந்தது.

கல்யாணம் நாற்காலியில் சாய்ந்தபடி சிரித்தார். "நம்ம வாலாவை இதுல குத்தம் சொல்லப்படாது, சார். ஒரு நாளைக்கு அறுபது பேர் கையை நீட்டினா அவ பாவம் என்ன பண்ணுவா? எவளோ வந்து ஏமாத்திட்டுப் போயிருக்கா."

தாசில்தார் வேம்புவைக் கூப்பிட்டார். நாற்பது வயதிருக்கும். உயரமான உடம்பு, கழுத்தில் ஒன்றுமில்லை. கைகளைக் கட்டிக்கொள்ளாமல் தொங்கவிட்டபடி நின்றார். ஏன் ரேகை வைத்தாய் என்று தாசில்தார் கேட்டார்.

"எழுதறேன்னுதாங்க சொன்னேன். அவங்க கையைப் புடிச்சாங்க. குடுத்துட்டேன்."

அறையில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். தாசில்தார் வாலாம்பாளிடம் திரும்பி, அன்று விரல் வைத்தது இந்த அம்மாதானா என்று கேட்டார். வாலாம்பாள் நிமிர்ந்து வேம்புவின் முகத்தைப் பார்த்தார். நெற்றியில் ஒரு பழைய தழும்பு. இடது புருவத்தில் பாதி இல்லை. ஒரு தடவை பார்த்தால் மறக்கக்கூடிய முகமே இல்லை. அதை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார்.

"நினைவில்லை, சார்."

பொய் இல்லை. பொய்யாக இருந்தால்கூடத் தேவலை என்று அவர் பின்னால் பலமுறை நினைத்தார்.

விசாரணை பிப்ரவரி ஒன்றாம் தேதிக்குத் தள்ளிப்போயிற்று. அதற்குள் ரேகை தன்னுடையதுதான் என்று வேம்பு நிரூபிக்காவிட்டால் மனு தள்ளுபடி. தள்ளுபடியானால் மறுநாளே டிராக்டர் இறங்கும்.

வெளியே வந்தபோது வேம்பு அவரைக் கடந்து போனார். கூட வந்திருந்த பக்கத்து வீட்டுக் காளியம்மாள்தான் நின்றார். "எங்க வீட்டுல மூணு ஆட்டுக்குட்டி கெடக்கும்மா. மூணும் ஒரே கறுப்பு. எது எதுன்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தன் வழியே போனார்.

மழை பிடித்துக்கொண்டது. கல்யாணம் காரின் கதவைத் திறந்து, ஏறும்மா என்றார். வாலாம்பாள் ஏறினார். வழியில் ஓட்டலில் நிறுத்தி காப்பி வாங்கிக் கொடுத்தார், அதையும் குடித்தார். அந்தப் பாதை மட்டும் கிடைத்துவிட்டால் அறுவடை இரண்டு நாளில் முடியும் என்று சித்தப்பா பேசிக்கொண்டே வந்தார். பாலத்துக்கு அப்பால், தலையில் சாக்கைக் கொங்காணியாகக் கவிழ்த்துக்கொண்டு இரண்டு பெண்கள் நடந்துபோனதைக் கார் கடந்தது. சேறு தெறித்தது. வாலாம்பாள் மறுபக்கத்து வயலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டில் நடந்ததைச் சொன்னார். யார் முகமும் நினைவில்லை, எப்படி இருக்கும், அத்தனை கூட்டம் என்றார். சந்தானகிருஷ்ணன் திருத்திக்கொண்டிருந்த பரீட்சைத் தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்:

"பேனா கேட்டாள்னு சொல்லிச் சிரிச்சியே, அவளா?"

அடுப்பில் ரசம் பொங்கி வழிந்தது. வாலாம்பாள் இறக்கவில்லை.

சொல்லியிருந்தார். நவம்பர் ஒன்பதாம் தேதி ராத்திரி சாப்பாட்டின்போது, கை கழுவுவதற்குள், ஒரு வேடிக்கையாகச் சொல்லியிருந்தார். 'கேளுங்கோ, ஒருத்தி எங்கிட்ட வந்து, அந்தப் பேனாவைக் கொஞ்சம் குடுங்கங்கறா. உனக்கெதுக்கு பேனா, விரலை நீட்டுன்னேன்.' இரண்டு பேரும் சிரித்தார்கள். முகத்தை மறந்தவருக்கு வேடிக்கை மட்டும் நினைவில் தங்கியிருந்தது. குரலும் இப்போது திரும்பி வந்தது. கெஞ்சலாக இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் ஒருவர் கேட்பதுபோல் சாதாரணமாகக் கேட்ட குரல்.

மறுநாள் பள்ளிவாசல் தெருவில் தையல் வகுப்பு. ஹமீதா பானு வீட்டு முற்றத்தில் நடக்கும். வாலாம்பாள் எப்போதும்போல் வாசல் திரைக்கு வெளியே நின்று குரல் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் ஹமீதா பானுவே திரையை விலக்கிக்கொண்டு வந்தார்.

"என்னக்கா, சம்பந்தி வீட்டுக்கு வந்த மாதிரி நின்னுட்டே இருக்கீங்க? மூணு தடவை வாங்கன்னு சொல்லிட்டேன்."

வாலாம்பாள் வாசற்படியைப் பார்த்தார். இந்த வாசலில் இரண்டு வருடமாக, வாரம் தவறாமல், உள்ளேயிருந்து குரல் வரும்வரை நின்றிருக்கிறார். தெற்குத் தெருவில் ஒரு நாளாவது நின்றிருக்கிறாரா? அங்கே கதவு இல்லை, படல்தான். தள்ளிக்கொண்டு குனிந்து நுழைவார். குடத்தின் மூடியைத் திறந்து பார்ப்பார். பிள்ளையின் தலையைத் திருப்பிப் பேன் பார்ப்பார். கொடியில் கிடக்கிற துணியை மோந்து பார்த்துத் துவைக்கச் சொல்வார். அதற்குப் பெயர் சுகாதார ஆய்வு. பதிவேட்டில் 'வீடு பார்வையிடப்பட்டது' என்று எழுதுவார். ஹமீதா பானுவின் குடத்தை அவர் ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. தெரியாத ஜனங்களிடம் கேட்டுக் கேட்டு நடந்தவர், தெரிந்தவர்கள் என்று நினைத்த இடத்தில் கேட்கவே இல்லை.

அன்று வகுப்பில் காஜா எடுக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இரண்டு தடவை ஊசியால் விரலைக் குத்திக்கொண்டார்.

மூன்று நாள் கழித்து மேலக்கட்டளைக்குப் போனார். வேம்புவின் படலுக்கு வெளியே நின்று, "அம்மா, இருக்கீங்களா?" என்று குரல் கொடுத்தார். தெருவே திரும்பிப் பார்த்தது. எதிர்ப்புறத்தில் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த காளியம்மாள் சத்தமாகச் சொன்னார்: "ஏ வேம்பு, உள்ளயே இரு. சேவிகாம்மா வாசல்ல நிக்குது. உன் குடிசையை ஏலம் போட்டாச்சு போல."

வேம்பு வெளியே வந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. இரண்டு பேரும் வெயிலில் நின்று பேசினார்கள்.

பேனா கேட்டது தனக்கு இப்போது நினைவு வந்துவிட்டது என்று வாலாம்பாள் சொன்னார். வேம்பு தலையசைத்தார். எனக்கு அது மறக்கவே இல்லையே என்பதுபோல் இருந்தது அந்த அசைவு. அன்று சேவிகாம்மா கட்டியிருந்தது பச்சைக் கோடு போட்ட புடவை, மடியில் ஒரு பொட்டலத்தில் சீடை இருந்தது, நடுவில் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எழுதக் கற்றது எங்கே என்று வாலாம்பாள் கேட்டார். அறுபத்தெட்டில் கூலி உயர்வு கேட்டு அறுவடையை நிறுத்தியபோது பெண்களையும் பிடித்துப் போய்த் திருச்சி ஜெயிலில் வைத்தார்கள். இருபத்தாறு நாள். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் செங்கல் துண்டால் தரையில் எழுதிக் காட்டினாள். 'வே' எழுத மட்டும் ஒன்பது நாள் ஆயிற்று. விடுதலையாகிற அன்று ரிஜிஸ்தரில் விரல் வைக்கச் சொன்னார்கள். வேம்பு முடியாது, எழுதுகிறேன் என்றார். அங்கிருந்த பெண் வார்டர் ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டு, உட்கார்ந்து எழுதச் சொன்னாள்.

ஜெயிலில் கிடைத்த நாற்காலி. அந்த வார்த்தையை வேம்பு அழுத்தியெல்லாம் சொல்லவில்லை. வாலாம்பாளுக்குத்தான் அது அழுத்தமாக விழுந்தது. தப்பு என்னுடையது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்தார்.

"மன்னிப்பெல்லாம் இங்க வேணாம்மா. அதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? அங்க வந்து சொல்லுங்க."

ஆணையரிடம் சொன்னபோது அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பேசினார். அதட்டவில்லை. நியாயமாகத்தான் பேசினார். கேட்காமல் விரலைப் பிடித்து வைத்தேன் என்று நீங்களே எழுதிக் கொடுத்தால், நீங்கள் இந்த ஒன்றியத்தில் எடுத்த நானூற்றுச் சொச்சம் ரேகைகளையும் ஒவ்வொரு மிராசுதாரும் கிளறுவான். ஒருத்திக்காக நானூறு பேரைச் சிக்கலில் விடப்போகிறீர்களா?

வாலாம்பாள் பத்து நாள் அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். வசதியான மறைவிடம். பயம் தனக்காக இல்லை, நானூறு பேருக்காக என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ராத்திரி படுத்தால் மை தீற்றிய அந்தக் கோயில் சுவர்தான் கண்ணில் நின்றது. நானூறு பேருக்காக என்றால் அந்த நானூறு பேரில் ஒருவரையாவது கேட்டாயா?

பதினோராவது நாள் பதிவேட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். முதலில் தெற்குத் தெரு. அறுபத்து மூன்று வாசல்களிலும் நின்று, வரச் சொன்ன இடத்தில் போய், வராதே என்ற இடத்தில் திரும்பி, ஒரே கேள்வியைக் கேட்டார்: உங்களுக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா? மூன்று நாள் ஆயிற்று. வேம்புவையும் சேர்த்து ஏழு பேர் எழுதக் கூடியவர்கள். அதில் செல்லதுரை என்பவர் எட்டாவது வரை படித்தவர். அன்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீங்க கேக்கலையே. வரிசையும் பெருசா இருந்துச்சு" என்றார். மற்ற ஊர்களுக்கும் போனார். நானூற்றுப் பன்னிரண்டில் முப்பத்தொரு பேர். அத்தனை பேரிடமும், அந்த ரேகை என்னுடையதுதான் என்று புதிய தாளில் கையெழுத்து வாங்கினார். சில வீடுகளில் வைதார்கள். ஒரு கிழவர் பேனாவை வாங்கிக்கொண்டு, மெதுவாகத் தன் பெயரை எழுதி, தகப்பன் பெயரை எழுதி, ஊர், தாலுகா, ஜில்லா எல்லாம் எழுதி முடிக்கிறவரை வாலாம்பாளை நிற்க வைத்தார். பஸ் போய்விட்டது. அவர் நின்றார்.

பிப்ரவரி ஒன்றாம் தேதி கச்சேரி அறையில் அதே வக்கீல், அதே நாற்காலியில் கல்யாணம். வாலாம்பாளைப் பார்த்ததும், வா என்பதுபோல் தலையை ஆட்டினார். வாலாம்பாள் முப்பத்தொரு தாள்களையும் தாசில்தார் மேஜையில் வைத்தார். அவர் சொன்னது நீளமானதல்ல.

"விரல் வச்சது இவங்கதான், சார். எழுதறேன்னு பேனா கேட்டாங்க. நான் குடுக்கலை. எழுதத் தெரியுமான்னு நான் கேக்கலை. இவங்களுக்குத் தெரியாதுன்னு நானே முடிவு பண்ணிட்டேன். ரேகை தீத்தினதும் நான்தான். அன்னிக்கு ராத்திரி அதை எங்க ஆத்துல சொல்லிச் சிரிச்சேன். அதனாலதான் எனக்கு நிச்சயமாத் தெரியும்."

சிரித்த கதையெல்லாம் தேவையில்லை என்று வக்கீலே சொன்னார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றார் வாலாம்பாள். கல்யாணம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அறையில் இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது வாலாம்பாளுக்கு. வாக்குமூலத்தை வாசித்துக் காட்டி, அவரைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டார். அடுத்து வேம்புவை அழைத்தார்கள். வாலாம்பாள் தன் கையிலிருந்த பேனாவை நீட்டினார்.

வேம்பு அதை வாங்கவில்லை. மடியிலிருந்து ஒரு நீலப் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றிப் பின்னால் செருகி, குனிந்து, 'ம. வேம்பு' என்று எழுதினார். மை உலரும்வரை தாளை விடவில்லை. பிறகு காளியம்மாளைக் கூட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பஸ்ஸுக்குப் போனார்.

பிப்ரவரி கடைசி வாரத்தில் உத்தரவு வந்தது. மனை வேம்புவுக்கே. அடுத்த அறுவடைக்குக் கல்யாணத்தின் டிராக்டர் வாய்க்கால் கரையைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அதே வாரத்தில் வாலாம்பாளுக்கும் ஒரு மாற்றல் உத்தரவு வந்தது. 'நிர்வாக நலன் கருதி' என்பதைத் தவிர அதில் காரணம் இல்லை. சந்தானகிருஷ்ணன் இரண்டு தடவை படித்துவிட்டு, கும்பகோணத்திலேயே இருந்துகொள்கிறேன், நீ வாரம் ஒருமுறை வந்து போ என்றார்.

1973 மார்ச் ஐந்தாம் தேதி, திங்கட்கிழமை, வாலாம்பாள் வேதாரண்யத்தில் வேலையில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கொடுத்த முதல் வேலை உப்பளத் தொழிலாளர் வீடுகளின் கணக்கெடுப்பு. நூற்றுப் பத்து வீடுகள், ஒரு வாரக் கெடு. ஒவ்வொரு வாசலிலும் குரல் வரும்வரை நின்று, அந்த வாரம் அவர் முடித்தது பத்தொன்பது வீடுகள்.